ஒரே டப்பாவில் கொட்டிய குண்டுகள்

அக்காவுக்கு,

மயூர் விஹார் முழுக்கத் தேடினாலும் உன் தம்பி முகுந்தனைப் போல் தவறே செய்யாத ஆண்மகன் கிடைக்க மாட்டான். ஆகவே, அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது உன் ஏர் பிஸ்டலின் ஈயக்குண்டுகளை, இரண்டு டப்பாவில் மிச்சமிருந்ததையும் அவன் ஒரே டப்பாவில் கொட்டியது தவறல்ல. கம்பெனி ஒன்று, லேபிள் ஒன்று. தயாரிப்பு பேட்ச் வேறு என்றால் அவன் என்ன செய்வான்?

"எந்த பேட்ச் சிதறாம ஒரே இடத்துல விழுதுன்னு ஒரு மாசமா சுட்டுப் பார்த்து வெச்சிருந்தேன்டா, தடியா! நாளைக்கு செலக்‌ஷன்!" என்று கத்தினாய். பதிலுக்கு, "டெல்லி வெயில்ல, காத்துல தராசு ஆடும்னு ஃபேனை அணைச்சுட்டு குண்டை எடை போடறியே, நகைக்கடையா வெச்சிருக்கே?" என்று அவன் கேட்டிருக்க வேண்டாம்தான். அதற்காகக் கதவை அப்படியா சாத்துவது? காலண்டரே விழுந்துவிட்டது.

உப்புமா ஹாட்பேக்கில் இருக்கிறது. கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு ஷர்மா ஆன்ட்டியிடம் கொடு, மதியம் தண்ணீர் ஃபில்டர் ரிப்பேர் செய்யும் பையா வருவார்.

முகுந்தன்

பி.கு.: உப்புமா அடிப்பிடித்துவிட்டது. அவன் வேறு வேலையில் இருந்தான்.

இன்னொன்று: உன் குட்டித் தராசு சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. நீ தேர்ந்தெடுத்த பேட்ச்தானே கனம்? கனமானவை நீல டப்பாவில், லேசானவை சிவப்பில். சந்தேகமானவை கிண்ணத்தில், அவற்றைத் தொடாதே. மேஜை ஈரமாக இருந்தால் அது வேர்வை. ஃபேனை அணைத்துவிட்டுத்தான் எடை போட்டான்.