மேட்டுக்குப்பம் காலனியின் பச்சை வயர்

அனுப்புநர்:
க. ஹேமநாத் (வயது 23),
த/பெ. கன்னையா,
வீட்டு எண் 29, புதுக் காலனி,
மேட்டுக்குப்பம், விஜயபுரம் மண்டலம்,
சித்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சித்தூர்.

பொருள்: மின்சாரம் தாக்கி தாட்சாயணி என்பவர் இறந்தது – வயரிங்கைச் சரிசெய்யாமல் காலனிக்கு மீண்டும் மின்சாரம் விடுவதைத் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவைத் தமிழில் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தெலுங்கில் எழுதித் தர ஆள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு மொழிக்கும் நடுவில் ஒரு சொல் தவறித்தான் இங்கே ஓர் உயிர் போனது. தங்கள் அலுவலகத்தில் இதைத் தெலுங்காக்குபவர், நான் பச்சை என்று எழுதும் இடமெல்லாம் இலைப் பச்சையைக் குறிக்கும் 'ஆகுபச்ச' என்றே எழுத வேண்டுகிறேன்.

2. எங்கள் காலனியின் முப்பத்திரண்டு வீடுகளுக்கும் வயரிங் வேலையை எடுத்தவர் திருப்பதியைச் சேர்ந்த ஒரு லைசென்ஸ்காரர். அவர் ஒரு நாளும் வரவில்லை. அவருடைய மேஸ்திரி நாகபூஷணம் வந்தார். அம்பத்தூர் கம்பெனியில் இரண்டு வருடம் எலக்ட்ரீஷியன் ஹெல்பராக இருந்து, ஆட்குறைப்பில் ஊர் திரும்பிய என்னைக் கூலிக்கு வைத்துக்கொண்டார். எனக்கு லைசென்ஸ் இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

3. இருபது வீடுகளோடு சிவப்பு வயர் தீர்ந்தது. மீதிப் பன்னிரண்டு வீடுகளுக்கு, கரண்டு வரும் வயராக மஞ்சளை இழுத்தார்கள். திருப்பதி ஆட்கள் டியூப் லைட்டுகளை மாட்டி, மஞ்சளை விளக்கிலும் பச்சையை அதன் இரும்புப் பட்டியிலும் இணைத்துவிட்டுப் போனார்கள். பச்சை என்பது எர்த் வயர்; கசியும் கரண்டை மண்ணுக்குள் கொண்டுபோக வேண்டியது. ஸ்விட்ச் போர்டு வேலை என்னுடையது. நாகபூஷணம் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே, "பச்ச வைரு ஸ்விச்சிகி பெட்டு", அதாவது பச்ச வயரை ஸ்விட்சில் வை, என்றார். பச்சையையா என்று கேட்டேன். "செப்பிந்தி செய்யிரா", சொன்னதைச் செய்யடா, என்று சொல்லிவிட்டு ரேணிகுண்டாவுக்குப் போய்விட்டார். தெலுங்கில் மஞ்சளையும் பச்ச என்பார்கள். மஞ்சள் காமாலைக்கே 'பச்ச காமெர்லு' என்றுதான் பெயர். எனக்கும் அது தெரியும். அந்த நேரத்தில் என் காதில் தமிழ்தான் விழுந்தது. பன்னிரண்டு வீட்டிலும் பச்சையை ஸ்விட்சிலும் மஞ்சளை எர்த்திலும் முடுக்கினேன்.

4. 11-8-99 மாலை முதல் தடவையாகக் கரண்டு விட்டார்கள். எங்கள் வரிசையில் ஒரு விளக்கும் எரியவில்லை. இருபத்தாறாம் வீட்டு தாட்சாயணி அக்கா வாசலில் நின்று, "இன்னாடா ஹேமா, எதுர் வரிசை பூரா எரியுது, உன் லைட்டு மட்டும் மொறச்சிக்கினு கீது. இதான் மெட்ராஸ் வேலையா?" என்றார். "இருக்கா, வரேன்" என்றேன். நான் டெஸ்டர் எடுத்து வருவதற்குள், டியூபைத் திருப்பிப் பார்க்க இரும்பு நாற்காலியில் ஏறிப் பட்டியைப் பிடித்துவிட்டார். ஸ்விட்ச் போட்டபடி இருந்தது; நான் முடுக்கிய பச்சை வழியாகக் கரண்டு பட்டியில் நின்றிருந்தது.

5. 'ஈரக் கையால் தொட்ட கவனக்குறைவு' என்று அதிகாரிகள் அறிக்கை எழுதியிருக்கிறார்கள். கை ஈரமில்லை ஐயா, தரைதான் ஈரம். முதல் விளக்கு எரியப்போகிறது என்று வீட்டைக் கழுவியிருந்தார். அது கவனக்குறைவு என்றால், இங்கே கால் வைக்காமலே 'எர்த் குழி வெட்டப்பட்டது, எல்லா வீடும் சோதிக்கப்பட்டது' என்று லைசென்ஸ்காரர் திருப்பதியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதற்கு என்ன பெயர்? ஒரே ஒரு வீட்டில் டெஸ்ட் பல்பு வைத்திருந்தால் என் தவறு அன்றே தெரிந்திருக்கும். குழியும் இல்லை. முப்பத்திரண்டு வீட்டு எர்த் வயரும் மீட்டர் பலகைக்குப் பின்னால் சுருட்டிச் செருகிக் கிடக்கிறது. அம்பத்தூரில் ஒரு மெஷினுக்காக ஆள் உயரம் குழி வெட்டி உப்பும் கரியும் கொட்டியிருக்கிறேன். அந்த மெஷினுக்கு இருந்த மதிப்பு எங்களுக்கு இல்லை.

6. அன்று நிறுத்திய மின்சாரத்தை வரும் திங்கட்கிழமை மறுபடி விடப்போகிறார்கள். ஒரு வயரும் மாற்றப்படவில்லை. நானே மாற்றுகிறேன் என்றதற்கு, லைசென்ஸ் இல்லாதவன் தொடக்கூடாது என்றார்கள்.

7. ஆகவே, பன்னிரண்டு வீட்டு போர்டுகளையும் திறந்து வயரை மாற்றி, எர்த் குழி வெட்டி, மக்கள் எதிரில் சோதித்த பிறகே மின்சாரம் விட உத்தரவிட வேண்டுகிறேன். அறிக்கையில் தாட்சாயணியின் பெயரை எடுத்துவிட்டு, தவறு செய்தவர்களாக என் பெயரையும் லைசென்ஸ்காரர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

8. வீட்டுக்காரர்களே கழற்றிக் கொடுத்த முப்பத்திரண்டு ஃபியூஸ் கட்டைகளும் என் வீட்டில் இருக்கின்றன. திருட்டு வழக்குப் போட்டால் ஜெயிலுக்குப் போகிறேன். குழி வெட்டாமல் யார் வந்து கேட்டாலும் கட்டையைத் தரமாட்டேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
க. ஹேமநாத்

இடம்: மேட்டுக்குப்பம்
நாள்: 20-8-1999