வீட்டில் வாசிப்பவர் யார்?

கோட்டையூர்
13.7.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அபிக்கு,

நித்யா எழுதுவது. என் பெயரைப் பார்த்ததும் இதை மடித்து வைத்துவிடாதே. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. இங்கே நானும் அப்பா அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்க எனக்கு ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது.

ஓசூர் விடுதி முகவரியை உன் அம்மாதான் கொடுத்தார்கள். போன் எண்ணும் கொடுத்தார்கள். ஆனால் உன் அறையில் ஆறு பேர் என்றும், ஒருத்திக்குப் போன் வந்தால் மற்ற ஐந்து பேரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள் என்றும் சொன்னார்கள். அதனால் கடிதம். தவிர, பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிடும். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது எனக்கும் சேர்த்து நீதானே "உள்ளேன் ஐயா" சொல்வாய். தாளைக் கையில் கொடுத்தால் மட்டும் எனக்குக் குரல் வந்துவிடும். அந்தக் குரலைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஊர்ச் செய்தி. அப்பா இன்னும் கொத்து வேலைக்குப் போகிறார். இப்போது பெரிய வீடுகளை ஓட்டலாக மாற்றுகிற வேலை நிறைய இருக்கிறது. முத்தப்பன் அண்ணன் கடையில் கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பெட்டி வந்திருக்கிறது. ஆனால் கரண்டு பில்லுக்குப் பயந்து அதை அணைத்து அணைத்துத்தான் போடுவார். நம் தெருவுக்குச் சிமெண்ட் சாலை போட்டு, போட்ட மாதமே குழாய்க்காகத் தோண்டினார்கள். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் உண்டு. தைலம் போதும் என்கிறார்கள். நீ சொன்னால்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்.

என் வேலை பற்றி உன்னிடம் சொல்லியிருப்பார்களோ, மறைத்திருப்பார்களோ தெரியவில்லை. போன நவம்பரிலிருந்து இளைஞர் நீதிக் குழும அலுவலகம் ஒன்றில் கணினியில் பதிவு செய்யும் வேலை பார்க்கிறேன். ஒப்பந்த வேலைதான். பதினெட்டு வயதுக்குள் வழக்கில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் காகிதங்கள் வருகிற இடம். அது எப்படிப்பட்ட இடம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் எங்கள் அலுவலர் மேடம் என்னை உட்காரவைத்து, இங்கே டைப்பிங் தெரிந்தால் மட்டும் போதாது, வாயை மூடத் தெரிய வேண்டும், உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். "பாஸாயிட்ட, போய் உக்காரு" என்றார். என் கூச்சத்தை ஒரு தகுதியாக யாராவது எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

கோப்பின் மேல் உறையில் எண் மட்டும் இருக்கும். பெயர் உள்ளே. பீரோ சாவி மேடத்திடம். என் கணினித் திரை சுவரைப் பார்த்து இருக்கிறது. கூட வேலை பார்க்கும் உதயகுமார் அண்ணன், பத்திரிகையிலிருந்து யாராவது போன் செய்து பையன் பெயரென்ன என்று கேட்டால், "என் பேரைப் போட்டுக்கங்க சார், உதயகுமார். எங்க ஆத்தா பேப்பர்ல பாத்துச் சந்தோசப்படும்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முத்தப்பன் அண்ணன் விடமாட்டார். "என்ன தாயி, இன்னைக்கு எந்த ஊருப் பய மாட்டுனான்?" என்பார். நானும் எட்டு மாதமாக, "பிரிண்டர் ரிப்பேர்ணே, ஒரு வேலையும் நடக்கல" என்ற ஒரே பதிலைச் சொல்லி வருகிறேன். இதை நம்பி, ஸ்டுடியோ அழகுராஜா போன மாதம் தன் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், நான் சரி செய்வேன் என்று.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா வந்தார்கள். அம்மா காப்பி போட உள்ளே போன நேரம் பார்த்து விஷயத்தைச் சொன்னார்கள். உன் கம்பெனி பதினான்கு பேரை இரண்டு வருடத்துக்கு மலேசியா அனுப்புகிறதாம். பட்டியலில் உன் பெயர்தான் முதலாம். இந்த மாதம் முப்பத்தொன்றுக்குள் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட வேண்டுமாம். நீ மாட்டேன் என்கிறாயாம். போலீஸ் விசாரணை வரும், கம்ப்யூட்டரில் தட்டினால் பழையது எழுந்து நிற்கும், ஓசூரிலும் தெரிந்தால் இருக்கிற வேலையும் போய்விடும் என்றாயாம்.

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நீ அங்குட்டுத்தானே வேலை பார்க்கிறாய், அவள் பெயர் இருக்கிறதா இல்லையா என்று ஒரு தடவை பார்த்துச் சொல்லேன் என்றார்கள். நான் பார்க்கக் கூடாது அத்தை, பார்த்தாலும் சொல்லக் கூடாது என்றேன். பிடித்த கையை விட்டுவிட்டார்கள். எழுந்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "அன்னைக்குத் தெருவுக்கே கேக்க வாசிச்சியே ஆத்தா, இன்னைக்கு எனக்கு மட்டும் சொல்ல வாய் வரலியாக்கும்" என்றார்கள். காப்பி குடிக்கவில்லை.

அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அபி.

உனக்கு நினைவிருக்கும். ஆனாலும் நான் எழுதிவிட வேண்டும். அந்தப் பூட்டிய பெரிய வீட்டை வாரம் ஒரு நாள் உன் அம்மா பெருக்கித் துடைப்பார்கள். சாவி உங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். உன் மாமன் மகன் கேட்டான், நீ எடுத்துக் கொடுத்தாய். அவன் உள்ளே இருந்த பித்தளைச் சாமானையும் பழைய கண்ணாடிப் படங்களையும் அள்ளிக்கொண்டு போய் விற்றான். எதற்குச் சாவி கேட்கிறான் என்று உனக்குப் பாதி தெரிந்திருக்கும், பாதி தெரிந்திருக்காது. நமக்கு அப்போது பதினாறு வயது.

அதற்கு அப்புறம் ஒரு நாள் தபால் வந்தது. ஒட்டிய உறை. நீ டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போயிருந்தாய். நம் தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தானே கொண்டுவருவார்கள். அன்றும் உன் அம்மா என்னைத் தேடிக்கொண்டு முத்தப்பன் அண்ணன் கடைக்கே வந்துவிட்டார்கள். "கொஞ்சம் சத்தமா வாசி ஆத்தா, எனக்குக் காது மந்தம்" என்றார்கள். கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் மேடையில் செய்யுள் ஒப்பிப்பது போலத் தலைப்பிலிருந்து வாசித்தேன். உன் பெயர், உன் வயது, வழக்கு எண், எல்லாம். நிறுத்தியிருக்கலாம். "திருட்டுக்கு உடந்தை" என்று வந்த இடத்தில், உடந்தை என்றால் என்ன தாயி என்று முத்தப்பன் அண்ணன் கேட்டார். கூட்டாளி என்று அர்த்தம், அண்ணே, தெரிந்தே துணை போவது என்று விளக்கினேன். தமிழில் நான்தானே வகுப்பில் முதல் மதிப்பெண்.

மறுநாளிலிருந்து உன்னை அந்தச் சொல்லால் கூப்பிட்டார்கள். "உடந்தை வருது பாரு." பள்ளிக்கூடம் வரைக்கும் அது உன் கூடவே வந்தது. குழுமத்தில் உனக்கு அறிவுரை சொல்லி, மூன்று மாதம் நூலகத்தில் புத்தகம் அடுக்கச் சொல்லி வழக்கை முடித்துவிட்டார்கள். நம் தெரு முடிக்கவில்லை. நீ முதன்முதலில் திருப்பூருக்கு வேலைக்குப் போன அன்று நான் எங்கள் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். வெளியே வரவில்லை.

உன் அம்மா வந்துபோன மறுநாள் மேடத்தின் அறைக்குப் போனேன். அப்போது பழைய கோப்புகளை அழிக்கிற வேலை தொடங்கியிருந்தது. வழக்கு முடிந்து ஏழு வருடம் ஆனால் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. கட்டுக் கட்டாக இறக்கி, பட்டியல் சரிபார்க்கும் பொறுப்பை என்னிடம்தான் கொடுத்திருந்தார்கள். ஒரு குறிப்பிட்ட வருடத்துக் கட்டை நான் தொடக் கூடாது மேடம், எனக்குத் தெரிந்தவர் ஒருவர் என்று ஆரம்பித்தேன். அவர் கையைத் தூக்கி, "பேரைச் சொல்லாத. எனக்குத் தேவையில்ல" என்றார். அந்தக் கட்டு உதயகுமார் அண்ணனிடம் போனது.

பிறகு, பெயரே சொல்லாமல், அப்படி ஒருவர் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். மேடம் புத்தகத்தையே எடுத்துக் காட்டினார். சிறுவயதில் நடந்து முடிந்துபோன இதுபோன்ற வழக்கை, பிறகு எந்த வேலைக்கும் எந்தப் படிப்புக்கும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நன்னடத்தைச் சான்றுக்காகக் கேட்டாலும் போலீஸ் அதை வெளியே சொல்லக் கூடாது. தன் கோப்பு இருக்கிறதா, அழித்தாயிற்றா என்று அந்தப் பிள்ளையே இரண்டு வரி எழுதிக் கேட்டால், அலுவலகம் அவளுக்கு மட்டும் பதில் தரும். அவள் சொல்கிற முகவரிக்கு, வெளியே முத்திரை இல்லாத உறையில்.

வந்த வேலை முடிந்தது, எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. மேடம், நாம் உறையை நன்றாக ஒட்டி அனுப்புகிறோம், ஆனால் வாசிக்கத் தெரியாத வீட்டில் அதைப் பிரித்து வாசிக்கிறது யார் என்று கேட்டேன். எங்கள் தெருவில் நான்தான் வாசித்தேன் என்றும் சொன்னேன். உடந்தைக்கு அர்த்தம் சொன்னது வரைக்கும் சொன்னேன். மேடம் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார். பத்தொன்பது வருடமாக உறை அனுப்புகிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லையே என்றார்.

இப்போது முதல் நாள் நிரப்புகிற தாளில் ஒரு வரி கூடியிருக்கிறது. "வீட்டில் வாசிப்பவர் யார்?" யாரும் இல்லை என்றால் தபால் போகாது. எங்களில் ஒருவர் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசித்துவிட்டு வருகிறோம். இரண்டு தடவை நானே போனேன். அந்தக் கேள்வியை முதலில் கேட்டபோது ஒரு அப்பா, "எங்க வீட்ல படிச்சது இந்தா நிக்கிறாளே, இவ ஒருத்திதான்" என்று வழக்கில் வந்த தன் மகளையே காட்டினார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுது வீங்கிய முகத்தோடு சிரித்தாள். எந்த ஊர் என்று உன்னிடம்கூடச் சொல்லமாட்டேன்.

அழிக்கிற அன்று மேடம் என்னைச் செக்காலைக் கடைத்தெருவுக்கு உறை வாங்க அனுப்பிவிட்டார். மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது வெட்டுகிற இயந்திரம் ஓய்ந்திருந்தது. "மெசினே காச்சல் வந்து படுத்துருச்சு" என்றார் உதயகுமார் அண்ணன். மூலையில் ஆறு சாக்கு நிறையக் காகிதத் துணுக்கு. அவற்றில் உன்னுடையதும் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை உனக்குத்தான். அந்த இரண்டு வரிக் கடிதத்தை மட்டும் எழுது. அலுவலக முகவரியைத் தனித் துண்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். எழுதாமலேகூட நீ பாஸ்போர்ட்டுக்குப் போடலாம் என்றுதான் மேடம் சொன்னார். ஆனால் பதில் உன் கையில் இருந்தால் உனக்குத் தூக்கம் வரும்.

இதையெல்லாம் உன் அம்மாவிடமும் போய்ச் சொன்னேன், உன் கோப்பைப் பற்றி அல்ல, விதியைப் பற்றி. நிதானமாகக் கேட்டார்கள். அன்று குடிக்காத காப்பியை இன்றைக்குக் குடிக்கிறேன் என்றார்கள்.

இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. மன்னிப்பு என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் எழுதிப் பார்த்தேன். மூன்று தாள் வீணானது. அதனால் வேறொன்று கேட்கிறேன். பாஸ்போர்ட் படிவத்தில் உன்னை நன்கு தெரிந்த இரண்டு பேரின் பெயரும் முகவரியும் கேட்பார்கள். விசாரணைக்கு வருகிறவர் அவர்களைத்தான் பார்ப்பார். உனக்கு ஊரில் யார் பெயரை எழுதுவது என்று தோன்றாமல் இருக்கலாம். ஒரு இடத்தில் என் பெயரை எழுது அபி. வந்து கேட்கட்டும். இவள் என் கூடப் படித்தவள், நல்லவள், எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன். அதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்காது.

பார்த்து எழுத வசதியாகக் கீழே முழுதாகத் தந்திருக்கிறேன். போகிற இடமெல்லாம் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்னை ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரிந்த,

வீ. நித்யஸ்ரீ
த/பெ. வீரணன்
கதவு எண் 2/41, பிள்ளையார் கோவில் தெரு,
கோட்டையூர், காரைக்குடி வட்டம்,
சிவகங்கை மாவட்டம்.