ஆதிமூலம் இறக்காத காணாக்கடி

செஞ்சி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தங்கை ரஞ்சனிக்கு அக்கா மங்கை எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நேற்று வீடியோ காலில் உன் மேலுதட்டைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எறும்பு கடிச்சிடுச்சிக்கா என்று சிரித்தாய். மூன்றாம் மாடியில் அப்படி எந்த எறும்படி? குரலும் கம்மியிருந்தது. உன் மாமியார் பக்கத்திலேயே இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். பக்கத்து வீட்டு ஷோபனா நாளைக் காலை வேலைக்குச் சென்னை பஸ் ஏறுகிறாள். வறுத்த மல்லாட்டைக் கடலைப் பையோடு இதையும் உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ வயதுக்கு வந்த வருஷத்திலிருந்து மாதாமாதம் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, நகம் போட்டுக் கிழித்துக்கொள்வாய். கொல்லையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடித்திருக்கிறது, காணாக்கடிதான் என்றார் நைனா. சிங்கவரம் ரோட்டு ஆதிமூலத்திடம் மந்திரிக்கக் கூப்பிட்டுப் போனால், வீட்டுக்குத் தூரம்னா தலைக்கு ஊத்திக்கினு அப்புறம் வரட்டும் என்பார். நீ நான்காம் நாள் குளித்துவிட்டுப் போவதற்குள் தடிப்பு பாதி வாடியிருக்கும். அவர் வேப்பிலை அடித்து, நாம் மூன்று நாள் உப்பில்லாச் சோறு போட்டதும் சுத்தமாக மறையும். ஆதிமூலம் கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம். தடிப்பும் விலக்கும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போனதை வீட்டில் ஒருத்தரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

போன மாதம் எனக்கும் அதே தடிப்பு. நாற்பத்தாறு வயதில், விலக்கு முன்னே பின்னே ஆகிற நேரம். திண்டிவனத்துத் தோல் டாக்டரம்மா முதலில் கேட்டதே தேதியைத்தான். ஹிஸ்டமின் என்று ஒன்று உடம்பில் இருக்கிறதாம், அரிப்பும் வீக்கமும் அதன் வேலையாம். பெண்களுக்குச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏறினால் அது ஹிஸ்டமினைக் கிளப்பிவிடுமாம். ஹிஸ்டமின் சும்மா இருக்குமா? அது போய் சினைப்பையை இன்னும் ஈஸ்ட்ரோஜன் சுரக்கச் சொல்லுமாம். எல்லாருக்கும் இப்படி ஆகாது, சிலருக்குத்தான் என்றார்.

இன்று காலை மறுபடி ஓடிப்போய் உன் உதட்டைப் பற்றியும் குழந்தைக்காக நீ போட்டுக்கொள்கிற ஊசியைப் பற்றியும் சொன்னேன். அந்த ஊசியில் ஈஸ்ட்ரோஜன் பல மடங்கு ஏறும், உதடு வீங்குகிறவர்களுக்குத் தொண்டையும் வீங்கலாம், அடுத்த ஊசிக்கு முன்னால் அதைப் போடுகிற டாக்டருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும் என்றார். பயமாக இருக்கிறது ரஞ்சனி.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று கழுத்துத் தடிப்பில் பவுடரை அப்பி, கொசுக்கடி என்று சொல்லச் சொன்னவள் நான்தான். போகிற வீட்டிலும் மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கினேன். அதனால்தானே ஆஸ்பத்திரியில் அலர்ஜி உண்டா என்று கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாய்? மாப்பிள்ளைக்கு இன்று இரண்டு முறை போன் போட்டேன். அவர் எடுத்ததும் செஞ்சியில் மழை என்று சொல்லி வைத்துவிட்டேன். இங்கே ஒரு தூறல்கூட இல்லை.

அந்தச் சத்தியம் இனி இல்லை. வியாழக்கிழமை ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் ஒன்று விடாமல் சொல். மாப்பிள்ளை ஆனந்தராஜிடம் இதைப் படிக்கக் கொடு. மூச்சு இழுத்தாலோ தொண்டை அடைத்தாலோ விடியட்டும் என்று காத்திராதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள் என்று உன் மாமியார் திட்டினால் என் பேரைச் சொல், நான் வாங்கிக்கொள்கிறேன். குழந்தை வரும்போது வரட்டும்.

நைனாவுக்கு நாளை கண் ஆபரேஷன், விட்டு வர வழியில்லை. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நான் பெல் அடித்தால் வேறு யாரையும் அனுப்பாதே தாயே. கதவை நீயே வந்து திற.

உன் அக்கா,
மங்கை