பிரிக்காமல் வாங்கிய மூட்டை

என் செல்ல அண்ணா,

நீ போனதிலிருந்து சண்டை போட ஆளில்லாமல் வாய் நமநமவென்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். ஊரே படிக்கட்டும், எனக்கென்ன பயம்?

முதலில் ஆற்றுச் சேதி. சைதாப்பேட்டையில் நாம் துணி வெளுக்கிற துறையில் தண்ணீர் அதே நிறத்தில்தான் வருகிறது. மேலே இருக்கிற தோல் கம்பெனிக்காரன் கழிவுக் குழாயை மூடவுமில்லை, திருப்பவுமில்லை. நேற்று மயிலாப்பூர் வாத்தியார் வீட்டு வேட்டியெல்லாம் பழுப்பு. "உங்கண்ணா இருந்தவரைக்கும் வேஷ்டி இப்படி வந்ததே இல்லையேடி" என்றார் அந்த வீட்டு அம்மாள். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது.

நீ என்ன கேட்டுவிட்டாய்? குழாயை வேறு பக்கம் திருப்பச் சொல்லி மனு கொடுத்தாய். பதிலில்லை. துறைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மணல் மூட்டை போட்டுக் குழாய் வாயை அடைத்தீர்கள். லத்தியடி வாங்கிவிட்டு மறுபடியும் போய் அடைத்தீர்கள். அப்போதுதான் தேவராஜ் வந்து ஒட்டிக்கொண்டான், அதே கம்பெனியில் வேலை போனவன் என்று சொல்லிக்கொண்டு.

நம் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பான் பாவி! "மண்ணு கொட்னா இன்னா ஆவும் நைனா? வெடி வெச்சிடலாம், நான் கொண்டாறேன்" என்று உன் காதைக் கடித்துக்கொண்டே இருந்தான். "வெடிச்சா அங்க கீற வாட்ச்மேன் சாவான். அவனும் புள்ளகுட்டிக்காரன்தான். போய் வேலயப் பாரு" என்று நீ சொன்னதை அடுப்படியிலிருந்து நானே கேட்டேன். ஒரு தடவை இல்லை, அவன் வாய் திறந்தபோதெல்லாம்.

நீ மசியவில்லை. ஒருநாள் தன் சித்தி செத்துவிட்டாள் என்று அழுதுகொண்டே துணி மூட்டையோடு துறைக்கு வந்தான். துக்க வீட்டுத் துணியை நாம் பிரிப்பதில்லை, எண்ணுவதில்லை. கேள்வி கேட்காமல் வாங்கி நேரே தண்ணீருக்குக் கொண்டுபோவோம். இந்த வழக்கத்தை ஏதோ சாப்பாட்டுப் பேச்சில் அவனுக்குச் சொன்னதே நீதான். மூட்டையைத் தோளில் வைத்தாய். கரை இறங்குவதற்குள் போலீஸ். புடவைக்குள்ளே வெடிமருந்துக் குச்சிகள். பிரிக்கத்தான் கூடாது, மோந்தாவது பார்த்திருக்கக் கூடாதா அண்ணா?

கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் சிரித்தார். "எண்ணாம மூட்டை வாங்குற சலவைக்காரன் எங்கய்யா இருக்கான்?" தேவராஜ் கூண்டில் ஏறி, வெடி உன் யோசனை என்றான். அவன் போலீசுக்குச் சேதி கொடுக்கிறவன் என்பது அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது. உனக்குத் தண்டனை. அப்பீல் போட்டோம். அது விசாரணைக்கு வருமுன் ஜெயிலில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன வாரம் பாண்டி பஜாரில் அவனைப் பார்த்து வழியை மறித்தேன். "யோவ், எங்கண்ணன் உன்னை இன்னா பண்ணுச்சு?"

"உங்கண்ணன் ஒத்துக்கவே இல்லம்மா" என்றான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "எமர்ஜென்சி டைமு. மேல கேஸு கேட்டுக்கினே இருந்தாங்க. நான் இன்னா பண்றது?"

"இத்த கோர்ட்ல வந்து சொல்லு."

"சொன்னா என்னை உள்ள தள்ளிடுவாங்க" என்று ஓடிப்போய் பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். பொய்யைக் கோர்ட்டே கேட்டது. நிஜத்தைக் கேட்டது நான் ஒருத்திதான். அங்கிருந்து நேரே நம் வக்கீலிடம் போனேன்.

ஆள் இறந்தால் அப்பீலும் முடிந்துவிடுமாம். ஒரு மாதத்துக்குள் நெருங்கிய சொந்தம் யாராவது மனுப் போட்டால் மட்டும் நடத்தலாம் என்கிறார் நம் வக்கீல். "செத்தவன் எழுந்தா வரப் போறான்? மறுபடி போலீசு வூட்டுக்கு வரும்டி. உனுக்கு ஒரு கல்யாணம் காட்சி ஆவ வேணாமா?" என்று அம்மா அழுகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் துறையில் யாரும் இப்போது குழாய்ப் பக்கமே போவதில்லை, வெடி வைக்கிற கூட்டம் என்று பிடித்துக்கொண்டு போவார்களாம். உன் பேர் இப்படியே கிடந்தால் இந்த ஆறும் இப்படியே கிடக்கும். அதை எப்படி விடுவது?

தோற்கலாம். தேவராஜ் சொன்னதை நான் எடுத்துச் சொன்னாலும் நம்பாமல் போகலாம். போகட்டுமே!

இன்று காலை மனுவில் கையெழுத்துப் போடப் போனேன். கோர்ட் குமாஸ்தா தலையைத் தூக்காமலே, "குற்றவாளிக்கு நீங்க என்ன உறவு?" என்றார். தங்கச்சி என்றேன். 'குற்றவாளியின் தங்கை' என்று எழுதிக்கொண்டார். அந்த முதல் சொல்லை அவர் கையாலேயே அடிக்க வைக்காமல் நான் ஓய மாட்டேன், அண்ணா. இது சத்தியம்.

உன் தங்கை,
கஸ்தூரி