தோளில் துண்டு இல்லாத பண்ணையார்

அக்கா,

இன்று பல்கலைக்கழகக் கருத்தரங்கில் என் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினார்கள். புதுத்துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது. நம் ஊரில் நடத்திய ஆய்வுக்காகத்தான் இந்த மரியாதை. நீங்கள் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, ஆற்றங்கரையில் நம் ஊர். நான் மேலத்தெருப் பையன். நீங்கள் காலனியிலிருந்து எங்கள் வயலுக்கு நடவுக்கு வருகிறவர். ஆய்வுக்கு வந்த என் பேராசிரியர் கேள்வித்தாளோடு வரவில்லை. வயலில் வேலை செய்கிறவர்களே தாங்கள் படும் பாட்டை நாடகமாகக் கட்டட்டும், ஊர்க்காரர்கள் இந்த ஆய்வில் கூட்டாளிகள் என்றார். அவருடைய மாணவனான நான் நம்பினேன். நீங்கள் நம்பவில்லை.

"கூட்டாளின்னா லாபத்துலயும் உண்டுல்லா, தம்பி?" என்று கேட்டீர்கள். ஆனாலும் பண்ணையார் வேஷம் உங்களுக்குத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தீர்கள்.

ஒத்திகையில் துண்டைத் தோளில் வீசி, இல்லாத தொப்பையைத் தள்ளிக்கொண்டு வரப்பில் நடந்தீர்கள். அது என் பெரியப்பாவின் நடை. நானே சிரித்தேன்.

சிரிப்பு மேலத்தெருவுக்கு எட்டியது. எங்கள் தெருவில் உங்கள் ஆட்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். யாரும் சொல்லித்தர வேண்டாம், ஊரில் பிறந்தவனுக்குத் தெரியும். பெரியப்பா பேராசிரியரை அழைத்தார். நாடகம் நடக்கட்டும், தோளில் துண்டு மட்டும் ஏறக்கூடாது என்றார். பேராசிரியர் ஒத்துக்கொண்டார். ஆய்வு பாதியில் நின்றுவிடக்கூடாதாம். நான் கத்தினேன். பேராசிரியரிடம்தான், பெரியப்பாவிடம் இல்லை.

நீங்கள் சண்டை போடவில்லை. சரி என்றீர்கள்.

நாடகத்தன்று மேடையில் பண்ணையார் துண்டைக் கக்கத்தில் இடுக்கி, முதுகை வளைத்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நடவுப் பெண்களைக் கும்பிட்டு, "பைய நட்டாப் போதும் தாயி, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். காலனி சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மேலத்தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பேராசிரியர் வேகவேகமாகக் குறிப்பெடுத்தார்.

மறுநாள் நாங்கள் கிளம்பிவிட்டோம். அடுத்த நடவுக்கு உங்களை ஒரு வீட்டிலும் கூப்பிடவில்லை. கேள்விப்பட்டு ஊருக்கு வந்து பெரியப்பாவிடம் போய் நின்றேன். மன்னிப்பு கேட்கச் சொல் என்றார், வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்காமல். அதை அப்படியே உங்களிடம் கொண்டுவந்தேன்.

"வேஷம் கட்டுன்னதும் நீங்க, துண்டு போடாதன்னதும் நீங்க. சொன்னபடியே செஞ்சேன். இதுல எதுக்கு மன்னிப்பு கேக்க?"

பெரியப்பா, பேராசிரியர், நான். உங்கள் கண்ணுக்கு மூவரும் ஒரே ஆளாகத் தெரிந்தோம். தப்பாகத் தெரியவில்லை.

நீங்கள் திசையன்விளைப் பக்கம் முருங்கைத் தோட்டத்து வேலைக்குப் போனீர்கள். அங்கே மஞ்சள் காமாலை வந்தது. எனக்குச் செய்தி எட்டியபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது.

இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் அடுத்த ஆய்வு. போன வாரம் அங்கே ஒரு பெண், உங்கள் வயதுதான் இருக்கும், தனக்கு என்ன வேஷம் என்று ஆசையாகக் கேட்டாள். "நாங்க போன பொறவு உங்களுக்கு யாரு வேல குடுப்பாவ?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை, அக்கா. அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்பம் எம் பேர எழுதாதீங்க, தம்பி" என்று வயலுக்குத் திரும்பி நடந்தாள்.