இரண்டு முறை ‘இல்லை’ சொன்ன விரல்

திட்டிக்கொண்டே டீ கொடுக்கிற என் ஜெபா அண்ணிக்கு,

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. நமக்குள் கடிதம் எழுதுகிற பழக்கம் எப்போதும் இருந்ததில்லை. ஒரே கடையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து பதினேழு வருஷம் டைப் அடித்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? ஆனால் இந்த மாதம் கடையில் ஒன்று நடந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. சொன்னால் முதலில் திட்டுவீர்கள், அப்புறம் சிரிப்பீர்கள். அதே வரிசையில் கேளுங்கள்.

நாத்தனார், அண்ணி என்றாலே ஊரில் எல்லோரும் சண்டை என்று நினைக்கிறார்கள். நமக்குள்ளும் சண்டைதான், ஆனால் எல்லாம் கம்ப்யூட்டரைப் பற்றி. ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம். என் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போய்விட, அவன் பெண்டாட்டியும் தங்கையுமாக நாம் இரண்டு பேரும் அந்தக் கடையை நடத்தினோம். வண்ணாரப்பேட்டை மளிகைக் கடை வீட்டில் தூத்துக்குடித் தமிழ் பேசி வளர்ந்தவர் நீங்கள். நான் மீன்காரர் வீட்டுப் பெண். நாம் பேசுவதைக் கேட்டு, இவர்கள் ஒரே குடும்பமா என்று புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள்.

அந்த போர்டு ஞாபகம் இருக்கிறதா? இல்லாமல் எங்கே போகும், உங்கள் கையெழுத்தாயிற்றே. நம் கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பழக்கம். ‘இங்க தப்பு கீது பாரு’ என்று மானிட்டரிலேயே விரலை வைத்துக் காட்டுவார்கள். அந்த விரலில் மீன் செதில் இருக்கும், கிரீஸ் இருக்கும், சில நாள் பஜ்ஜி எண்ணெய்கூட இருக்கும். சாயங்காலம் ஆனால் பழைய பனியன் துணியை வைத்துக்கொண்டு நீங்கள் திரையைத் துடைப்பீர்கள், துடைக்கும்போதே ஒவ்வொருவர் பேரையும் சொல்லித் திட்டுவீர்கள். கடைசியில் ஒரு நாள் தடித்த மார்க்கரை எடுத்து எழுதி, லேமினேட் செய்து, சுவரில் மாட்டிவிட்டீர்கள்.

மேல் வரி: திரையைத் தொடாதீர்கள். கீழ் வரி: வாயால் சொல்லுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தொடுகிற கம்ப்யூட்டர் வரும் என்று இந்தத் தெருவிலேயே முதலில் சொன்னது நீங்கள்தான். போனில் விரலால் தள்ளிப் பார்க்கிறவர்கள் கம்ப்யூட்டரிலும் தள்ளாமல் விடமாட்டார்கள் என்பீர்கள். அப்படியே வந்தாலும் மானிட்டர் இப்படியேதான் நிற்கும் என்று நான் சொன்னபோது என்ன செய்தீர்கள்? கடையில் நாலு பேர் காத்திருக்க, என் கையைப் பிடித்துத் தூக்கினீர்கள்.

“ஏட்டி கலா, கையை மானிட்டர்கிட்ட நீட்டு. நான் சொல்லுத வரைக்கும் இறக்கக் கூடாது.”

ஒரு விண்ணப்பத்தை நீங்கள் டைப் அடித்து முடிக்கிற வரைக்கும் நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன்.

“கடுக்குதா?”

“கடுக்குது அண்ணி. வுட்ருங்க.”

“ஒரு ஃபாரத்துக்கே இந்தப் பாடு. நாள் பூரா எப்படிட்டி தாங்கும்? அதான் சொல்லுதேன். டச் வந்தா மானிட்டர் நிக்காது, மேசையில படுத்துரும். சிபியு பெட்டி காணாமப் போயிரும். மவுஸ் மட்டும் சாகாது, பாத்துக்கோ.”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, தோள்பட்டை அப்படி வலித்தது.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நீங்கள் பேசியதில் பாதி இதைப் பற்றித்தான். வார்டில் ஒரு நர்ஸ் திரையைத் தொட்டே எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க வாங்க அவளைக் காட்டினீர்கள். “வந்துட்டு பாத்தியா? நம்ம கடைக்கும் வரும். அப்ப அந்த போர்டை என்ன செய்வ?” என்று கேட்டீர்கள். “நீங்க வந்து கயட்டுங்க” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் அண்ணி, எனக்கு அப்போது வாயில் வந்தது அதுதான்.

சரி, வந்துவிட்டது. நம் பழைய கம்ப்யூட்டர் இனி புது விண்ணப்பத் தளங்களைத் திறக்காது என்று ஆனதும், ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதிது ஒன்று வாங்கினேன். நீங்கள் சொன்ன மாதிரியே சிபியு பெட்டி இல்லை, எல்லாம் திரைக்குப் பின்னாலேயே அடக்கம். திரையைப் பின்னுக்குச் சாய்த்தால் ஏறக்குறைய படுத்துவிடுகிறது. “மேடம், இனிமே எல்லாம் டச்தான்” என்றார் விற்றவர். மவுஸை அவராகவே பையில் போட்டார். அதைப் பார்த்து எனக்கு உங்கள் ஞாபகம் வந்து, கடை வாசலிலேயே கண் கலங்கிவிட்டது. தள்ளுபடி குறைவென்று அழுகிறேன் என அந்த ஆள் நினைத்திருப்பார்.

கடையில் இன்னொரு கூத்து. இப்போது தொடலாம் என்று நானே சொன்னாலும் ஒருத்தரும் தொடவில்லை. பேரைச் சரிபார்க்கத் திரையைத் திருப்பிக் காட்டினால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மோவாயால் காட்டுகிறார்கள். போர்டைப் பார்க்கிறார்கள், பக்கத்தில் மாட்டியிருக்கிற உங்கள் போட்டோவைப் பார்க்கிறார்கள், அப்படியே நிற்கிறார்கள். “அக்கா திட்டுவாங்க” என்றான் ஒரு லோடு ஆட்டோக்காரன். இத்தனைக்கும் மீசை நரைத்த ஆள்.

போர்டைக் கழட்டலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிரவே இல்லை. “அது இன்னா பாவம் பண்ச்சு? இருந்துட்டுப் போவுட்டும்” என்றான். போர்டை அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மீன் விற்கிற கன்னியம்மா தெரியுமே. போர்டு அவளைக் கட்டுப்படுத்தியதே இல்லை. அவளுக்கு எழுத்து தெரியாது, தெரிந்தாலும் கேட்கிற ஆள் இல்லை. நீங்கள் அவளோடு மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தீர்கள். தொடுவதாக இருந்தால் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடு என்று. அந்த ஒன்றை மட்டும் அவள் இன்றைக்கும் மறக்கவில்லை.

அவள் மகள் தீபா பிளஸ் டூவில் நல்ல மார்க். நர்சிங் படிக்க ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போடவேண்டும். கடைசி நாளுக்கு முந்தின நாள் வந்தார்கள். ஒருவருக்கு ஒரு விண்ணப்பம்தான், அனுப்பிய பிறகு திருத்த முடியாது என்று முதல் பக்கத்திலேயே எச்சரிக்கை இருந்தது. தீபா என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் அடித்தேன். போட்டோ சேர்க்கிற இடம் வந்ததும் புது ஆசையில் மவுஸை விட்டுவிட்டு விரலால் தொட்டேன். அன்றைக்கு வந்த இன்னொரு பெண்ணின் போட்டோ மேலே இருந்தது, தீபாவுடையது கீழே. என் விரலின் பருமனுக்கு இரண்டும் ஒன்றுதான். எந்தப் போட்டோ ஏறியது என்று நான் பார்க்கவில்லை.

தீபா சான்றிதழ் ஜெராக்ஸ்களை அடுக்கப் போய்விட்டாள். கடைசிப் பக்கத்தைக் கன்னியம்மா பக்கம் திருப்பி, “பாத்துக்க கன்னிம்மா, அனுப்பப் போறோம்” என்றேன். எல்லோரிடமும் ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பெற்ற பெண்ணின் முகம் தெரியாதா?

“அய்ய, இன்னா கலா இது? இது எம் பொண்ணு இல்ல!”

சொன்னவள் முந்தானையில் கையை நன்றாகத் துடைத்தாள். முகத்தை மறைக்காமல், போட்டோவுக்குக் கீழே விரலை வைத்தாள். அங்கேதான் ‘சமர்ப்பி’ என்கிற பட்டன் இருந்தது. நிச்சயமாக அனுப்பலாமா என்று ஒரு கட்டம் எழுந்து வந்தது. “இது இல்ல, இது இல்லன்றேன்!” என்று மறுபடியும் அதே இடத்தில் தட்டினாள். அங்கே ‘ஆம்’ இருந்தது. நான் கையைப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் இரண்டு முறை இல்லை என்றாள் அண்ணி, அது இரண்டு முறையும் ஆமாம் என்று எடுத்துக்கொண்டது.

ஈரக் கையோடு வந்து பத்துத் தடவை தட்டினாலும் கேட்காத திரை அது. நீங்கள் பழக்கியபடி துடைத்துவிட்டு வந்தாளே, உடனே கேட்டுவிட்டது.

விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று பச்சையாக வந்தது. தீபா ஓடிவந்து பார்த்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பேரு, அவள் மார்க், வேறு பெண்ணின் முகம். கன்னியம்மாவுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. புரிந்ததும் தன் விரலைத் தானே பார்த்தாள். “நான் கெடுத்துட்டனா கலா?” என்று அவள் கேட்டதை நான் எப்படி மறப்பேன்?

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன், பாட்டுதான் பாடியது. மெயில் அனுப்பினேன், பதில் இல்லை. மறுநாள் காலையில் கடையைப் பூட்டிவிட்டு, வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி மூன்று பேரும் அந்தக் கல்லூரிக்கு நேரிலேயே போனோம். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. கம்ப்யூட்டர் தானாகவே அனுப்பிவிட்டது என்று சொல்லிவிடலாமா? யாருக்குத் தெரியப்போகிறது? நம் கடைப் பேர் கெடாது. கன்னியம்மா பேச்சும் வராது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் தொடையில் கிள்ளியிருப்பீர்கள்.

அலுவலகத்தில் இருந்த அம்மா விண்ணப்பத்தைப் பார்த்தார், தீபாவைப் பார்த்தார். “யார் இதை அனுப்பியது?” என்று கேட்டார்.

“போட்டோவை மாத்தி வெச்சது நான்தான் மேடம். அனுப்புறதுக்கு முன்னாடி பாக்கல. தப்பு என்னுது” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கன்னியம்மா முன்னால் வந்துவிட்டாள்.

“அமுக்குனது நான்தாம்மா. இல்லன்னு சொல்றதுக்குத்தான் அமுக்குனேன். அது ஆமான்னு எடுத்துகினுச்சு. அதுக்கு எம் பொண்ண பேஜார் பண்ணாதீங்க.”

அந்த அம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தீபாவிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி, அடையாள அட்டையைச் சரிபார்த்து, போட்டோவை மாற்ற மட்டும் அன்று சாயங்காலம் வரை திறந்துவிட்டார். அவர் மேசையிலும் தொடுகிற கம்ப்யூட்டர்தான். ஆனால் எல்லாவற்றையும் மவுஸில்தான் செய்தார். மவுஸ் சாகாது என்றீர்களே, அதுவும் பலித்தது.

போன வாரம் தீபாவுக்குக் கலந்தாய்வு அழைப்பு வந்தது. கன்னியம்மா அதைக் கலரில் பிரிண்ட் கேட்டாள். வெளிச்சத்தில் பிடித்து மகள் முகத்தைச் சரிபார்த்த பிறகுதான் வாங்கிக்கொண்டாள்.

இப்போது கடைத் திரையில் ஒரு வேலை செய்திருக்கிறேன். வருகிறவர்கள் தொட்டுப் பார்க்கலாம், பெரிதாக்கலாம், நகர்த்தலாம். கடைசிப் பக்கம் வந்ததும் தொடுவதை நிறுத்திவைத்துவிடுவேன். அனுப்புவது மவுஸில்தான், என் கையால்தான். அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவன் கிரேன் கதையைச் சொன்னான். அவன் கேபினிலும் திரை வந்துவிட்டதாம், கையுறையைக் கழட்டினால்தான் கேட்குமாம். “ஆனா கொக்கிய இறக்குறது மட்டும் இன்னும் லிவருதான். அத்த மாத்துனா நான் ஏற மாட்டேன்” என்றான். அவனும் நீங்களும் ஒரே மாதிரி யோசிப்பீர்கள் என்று எனக்கு இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்று.

அடுத்து என்ன வரும்? நாம் பேசினால் தானே நிரப்பிக்கொள்கிற கம்ப்யூட்டர் வருகிறதாம். தீபா சொல்கிறாள், திரையே இல்லாமல் போனாலும் போகுமாம். வரட்டும். எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டும். தப்பைக் காட்டுகிற விரலுக்கும் சம்மதம் சொல்கிற விரலுக்கும் வித்தியாசம் தெரிந்த கம்ப்யூட்டர் எப்போதாவது வருமா? நீங்கள் இருந்தால் இதற்கும் ஒரு ஜோசியம் சொல்லியிருப்பீர்கள்.

போர்டு விஷயமும் முடிந்தது. மேல் வரி இனி பொருந்தாது என்று அண்ணனுக்கே தெரிந்துவிட்டது. நான் கத்தரிக்கோலை எடுத்தேன். “வெட்டாத. மடி. அது அவ எய்த்து” என்றான். அவனே வாங்கி, மேல் வரியைப் பின்பக்கமாக மடித்து மாட்டினான். இப்போது ‘வாயால் சொல்லுங்கள்’ மட்டும் தெரிகிறது. நேற்று ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, என்னைக் கண்டுகொள்ளாமல் கம்ப்யூட்டருக்கு முன்னால் குனிந்து, “ரெண்டு ஜெராக்ஸு” என்றார். அவரைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. வரப்போகிற காலத்துக்கு நீங்கள் அன்றைக்கே போர்டு எழுதி வைத்துவிட்டீர்களோ?

அண்ணி, ஒரு வாக்கு கொடுக்கிறேன். யார் என்ன புதிதாகக் கொண்டுவந்தாலும், இது உங்கள் பிள்ளைதானா என்று கேட்டு, வாயால் பதில் வந்த பிறகுதான் இந்தக் கடையிலிருந்து ஒரு விண்ணப்பம் போகும். திரையையும் தினம் சாயங்காலம் துடைக்கிறேன், அதே பனியன் துணியில்தான்.

ஒன்றை மட்டும் துடைப்பதில்லை. அண்ணன் வேலை முடிந்து திரும்பும்போது கடைக்குள் வந்து, உங்கள் போட்டோவைத் தொட்டுவிட்டுப் போகிறான். கண்ணாடியில் உங்கள் கன்னத்துக்கு நேராக ஒரு விரல் தடம், கிரீஸோடு. பார்த்தால் துணியைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். வந்து நீங்களே துடைத்துக்கொள்ளுங்கள், நான் அதில் கை வைக்க மாட்டேன்.

உங்களோடு சண்டை போட ஆள் இல்லாமல் தவிக்கும்,
உங்கள் நாத்தனார் கலா