அவன் சொன்ன விதிக்கும் ஓர் இணைப்பு

என் உயிரான சகாயம் அண்ணே,

உன்னைக் கொன்ற ஆட்டத்தின் விதிகளைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். காரைக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் எனக்கு வேலை. ஆள் இல்லாத நேரத்தில் கேரம் விதிகளுக்கென்று இன்டர்நெட்டில் ஒரு பக்கம் தயார் செய்கிறேன். தமிழ் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். இருந்தாலும் செய்கிறேன்.

அமராவதிபுதூர் போட்டியில் நீ நடுவர். கடைசி ஆட்டத்தில் செல்லச்சாமி அடித்த அடியில் சிவப்புக்காயான ரெட்டும் அவன் வெள்ளைக்காயும் ஒன்றாகக் குழியில் விழுந்தன. ரெட்டைப் போட்டவன் அதைத் தொடர்ந்து தன் காய் ஒன்றையும் போட்டால்தான் ரெட் அவனுக்கு; அதுதான் ஃபாலோ. "ஃபாலோவும் விழுந்துருச்சு, கப்பு எனக்கு" என்று எழுந்தான். நீ தலையை ஆட்டினாய்.

"சேந்து விழுந்தா ஃபாலோ இல்லப்பா. அடுத்த அடியில தனியாப் போடணும்."

"எங்க எழுதியிருக்கு? காட்டுங்கண்ணே பாப்போம்."

"எப்பவும் இப்படித்தானப்பா ஆடுறோம்."

"அப்ப காட்ட முடியாது. என்னைய ஏமாத்துறீக!"

இரும்பு ஸ்டூலைத் தூக்கி உன் மண்டையில் இறக்கினான். நீ பலகை மேல் கவிழ்ந்தாய். மறுபடியும் அடித்தான். பவுடர் ரத்தத்தில் குழைந்து காய்கள் உன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டன. நான் ஓடிவந்து தூக்கியபோது உன் காதிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வேனிலேயே, என் மடியில் அடங்கிப்போனாய்.

செல்லச்சாமியைப் போலீஸ் பிடித்த பிறகும் சித்தப்பாவுக்கு ஆறவில்லை. ஆட்களோடு போய் அவன் வீட்டு வைக்கோல் படப்பைக் கொளுத்தினார். பக்கத்தில் கட்டியிருந்த பசு கயிற்றை அறுக்க முடியாமல் வெந்து செத்தது. அது எந்த விதியை மீறியது, அண்ணே?

நீ சொன்னது சரி என்று உலகத்துக்குக் காட்டத்தான் தேட ஆரம்பித்தேன். உன் விதியைச் சொல்லும் ஒரு பக்கம் கிடைத்தது. சேர்ந்து விழுந்தாலே ஃபாலோதான் என்று சொல்லும் இன்னொரு பக்கமும் கிடைத்தது. இரண்டையும் போட்டேன். ஒவ்வொன்றின் கீழும் எழுதியவர் பெயர், இணைய முகவரி, நான் பார்த்த தேதி. அந்த இணைப்பைச் சொடுக்கினால் மூலப் பக்கத்துக்கே போகும். சில பக்கங்கள் திடீரென்று காணாமல் போகின்றன. அதனால் தாளிலும் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

விஷயம் தெரிந்ததும் அம்மா கையில் இருந்த செம்பை என் முகத்தில் எறிந்தாள். நெற்றி கிழிந்து தையல் போட்டிருக்கிறது.

"அவன் சொன்னதும் சரின்னு ஊருக்கே காட்டுவியா? அந்தக் கைய வெட்டிப்புடுவேன்டி!"

"சரி தப்புன்னு நான் சொல்லலம்மா. எது எங்க இருக்குன்னுதான் சொல்றேன். அன்னைக்கு அதைக் காட்ட யாராச்சும் இருந்திருந்தா?"

அம்மா சுவரில் தலையை முட்டி முட்டி அழுதாள். பிடித்து நிறுத்த எனக்குத் தெம்பில்லை. நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? தெரியவில்லை.

அவன் விதிக்கான அந்த இணைப்பை நான் அழிக்க மாட்டேன், அண்ணே. அவனை மன்னிக்கவும் மாட்டேன். இரண்டுக்கும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

உன் ரத்தம் காயாத மடியோடு,
உன் கூடப்பிறந்தவள்
மேரி